பிரச்சினை மேட்டுலதான்

என் அக்கா வீட்டுக்காரர் எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் மேலே பார்ப்பார். ஆட்களை அப்புறம்தான் பார்ப்பார். கூரையில் காற்று வரும் ஓட்டை எங்கே இருக்கிறது, அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, யார் தலையில் விழுகிறது என்று கணக்குப் போட்டு முடித்த பிறகே, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பார். கல்யாண மண்டபத்திலும் அப்படித்தான். அக்கா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், இவர் அண்ணாந்து உட்கார்ந்திருந்தார். "என்ன பாக்குறீங்க?" என்று அக்கா மெதுவாகக் கேட்டிருக்கிறாள். "காத்து பூரா வாசல் பக்கம் போயிட்டிருக்கு. அதான் உனக்கு வேர்க்குது" என்றாராம். மனைவியிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. அக்கா இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், கோபம் வந்த நாட்களில் சிரிக்காமல் சொல்வாள்.

பெரிய கட்டடங்களில் குளிர்காற்று போவதற்கான குழாய்களைச் செய்து மாட்டுவதுதான் அத்தானின் தொழில். தகட்டை வெட்டி, மடித்து, பெட்டி போல் இணைத்து, குளிர் கசியாமல் இருக்க வெள்ளித்தாள் ஒட்டிய நுரை ஷீட்டைச் சுற்ற வேண்டும். பிறகு, கட்டடக் கூரைக்குக் கீழே தொங்கவிட்டிருக்கும் பொய்க்கூரைக்கு மேலே மல்லாந்து படுத்துக்கொண்டு மாட்ட வேண்டும். ஆஸ்பத்திரி, அலுவலகம், தியேட்டர் என்று ஊரில் பாதிப் பேர் அவர் முதுகுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்கும் தெரியாது. "மாப்பிள்ளை ஏசி மெக்கானிக்காமே" என்று யாராவது சொன்னால் மட்டும் திருத்துவார். "மெஷின் வேற ஆளுங்க. நான் குழாய்." சித்தப்பா ஒருமுறை சபையில் வைத்து, "வாங்க தகரக்காரரே" என்று நக்கலாகக் கூப்பிட்டார். எல்லோரும் இவர் முகத்தைப் பார்த்தோம். "தகரம் இல்லீங்க, துத்தநாகம் பூசின தகடு" என்று பொறுமையாகச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து எங்கள் அம்மா அவருக்கு ஒரு பட்டம் கொடுத்தாள்: சூடு சொரணை இல்லாத மனுஷன். சொரணை விஷயம் எப்படியோ, சூடு விஷயத்தில் அம்மா சொன்னது அப்பட்டமான பொய். அத்தானுக்கு உலகத்தில் இருக்கும் ஒரே எதிரி சூடுதான். வெப்பத்தை அளக்கும் சின்னத் துப்பாக்கி ஒன்று எப்போதும் அவர் இடுப்பில் தொங்கும். விசையை அழுத்தினால் சிவப்புப் புள்ளி விழும், எண் தெரியும். டீயை அளப்பார், சுவரை அளப்பார், தூங்கும் பூனையை அளப்பார். வேலையில் மிஞ்சிய வெள்ளி ஷீட்டைக் கொண்டுவந்து தண்ணீர்த் தொட்டிக்கு ஒட்டினார், சமையலறை ஜன்னலுக்கு ஒட்டினார். கடைசியில் அக்காவின் காரில் பின்கண்ணாடி முழுக்க ஒட்டிவிட்டார். அதைப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்த அக்கா, பின்னால் எடுத்து விளக்குக் கம்பத்தில் இடித்தாள். "இனிமே என் வண்டி மேல கை வெச்சீங்க, அப்புறம் நடக்கறதே வேற" என்று அன்று போட்ட தடை, இந்தக் கதை நடக்கும்வரை அப்படியே இருந்தது.

அந்தக் கார்தான் எங்கள் வீட்டுச் சோறு. அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஒரே ஒரு சின்ன வண்டி, வயசான வண்டி. கற்றுக்கொள்பவர் பக்கம் எல்லாப் பெடல்களும் இருக்கும். அக்கா உட்காரும் பக்கம் பிரேக்கும் கிளட்சும் மட்டும். அத்தானுக்குக் கார் ஓட்டவே தெரியாது. மனைவி ஊருக்கே சொல்லித்தருகிறாள், புருஷன் பஸ்ஸில் போகிறார் என்று கேலி செய்யாத ஆள் இல்லை. அவரும் பஸ்ஸில் ஏறிக் கூரையைப் பார்த்துக்கொண்டே போய்வருவார்.

என் கதை இதற்குள் எங்கே வருகிறது என்றால், லைசென்ஸில். அக்கா வீட்டிலேயே தங்கியிருக்கும் தங்கச்சி நான், ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை செய்கிறேன். ஜன்னலே இல்லாத அறை. காலையிலிருந்து குப்பிகளுக்குச் சீட்டு ஒட்ட வேண்டும். சின்ன ஆஸ்பத்திரிகளுக்குப் போய் குப்பிகளை வாங்கிவர எங்கள் லேப்பில் ஒரு வேன் உண்டு. அதன் டிரைவர் வேலையை விட்டுப் போகப்போகிறார் என்று தெரிந்ததும் மேனேஜர் அம்மாவிடம் போய் நின்றேன். "லைசென்ஸோட வா, வேன் உனக்கு. மாசக் கடைசி வரைக்கும்தான் நிறுத்தி வைப்பேன்" என்றார். ரோடும் வெயிலும் மனுஷர்களும் இருக்கும் வேலை. அதற்காக நான் எதையும் செய்வேன் என்று இருந்தேன்.

ஆனால் டெஸ்டில் இரண்டு தடவை தோற்றுவிட்டேன். இரண்டு தடவையும் ஒரே இடத்தில். டெஸ்ட் மைதானத்தின் கோடியில் சிமெண்டால் கட்டிய ஒரு மேடு இருக்கிறது. பாதி மேட்டில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்பி மேலே ஏற வேண்டும். கிளட்சை விடுவேன், ஆக்ஸிலேட்டரை மிதிப்பேன், என்ஜின் இருமும், குலுங்கும், அணைந்துபோகும். பக்கத்தில் இருக்கும் அதிகாரி காகிதத்தில் ஏதோ எழுதுவார். மூன்றாம் தடவையும் போனால் ஆறு மாதம் கழித்துத்தான் வர முடியும் என்பது அங்கே சட்டம். அதற்குள் வேனை வேறு யாராவது ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

இதில் வேடிக்கை, காலையில் பயிற்சிக்குப் போனால் அதே மாதிரி மேட்டில் வண்டி ஜம்மென்று ஏறும். பழைய சரக்குக் கிடங்கு ஒன்றின் ஏற்றப்பாதையில்தான் பழகுவோம். காலையில் குதிரை, மதியம் கழுதை. டெஸ்ட் நடப்பதோ மதியம் மட்டும். அந்த வருடம் அக்காவிடம் கற்றவர்களில் பலர் மதியத்தில் திணறினார்கள். "பிரச்சினை மேட்டுலதான், சமதரையில வண்டி தங்கம்" என்று அக்கா எல்லோரிடமும் சொல்வாள். மெக்கானிக் காலையில் வந்து வண்டியை எடுத்துப்போய், மேட்டில் ஏற்றி இறக்கி, திருப்பிக் கொண்டுவந்து விட்டார்.

"வண்டில ஒரு குறையும் இல்லம்மா. ஓட்டறவங்க கால்லதான் இருக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. எனக்குக் கால் கொஞ்சம் குட்டை, உண்மைதான். குதிகாலை ஊன்றித் தள்ளித்தான் பெடலை எட்டுவேன். அதற்காக எல்லாப் பழியும் என் கால் மேலா?

அன்று சாப்பிடும்போது அத்தான் வாயைத் திறந்தார். "காலையில நல்லா ஏறுது. மதியம் ஏறல. ரெண்டுக்கும் நடுவுல என்ன மாறுது?"

"என்ன மாறுது?" என்றாள் அக்கா.

"சூடு."

அக்கா என்னைப் பார்த்தாள். ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம். ஆனால் அத்தான் விடவில்லை. என்ஜினும் மூச்சு விடுகிறது, குளிர்ந்த காற்று நெருக்கமாக இருக்கும், சூடான காற்று விரிந்து ஒல்லியாக இருக்கும், ஒரே வாய்க்கு உள்ளே போகும் சரக்கு குறைந்தால் பலமும் குறையும் என்று அவர் சொன்னபோது, சரியாகத்தான் பட்டது. "ஒரே ஒரு தடவை பானட்டைத் திறந்து பாக்குறேன். கை வெக்க மாட்டேன். துப்பாக்கி மட்டும்" என்று கெஞ்சினார். அக்காவுக்கும் வேறு வழி தெரியவில்லை. வண்டியை விற்றுவிடலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தாள்.

திறந்து பார்த்தவர் துள்ளிக் குதிக்காத குறை. காற்று வடிகட்டிப் பெட்டியின் வாய்க்கு முன்னால் ஒரு குழாய் இருந்திருக்க வேண்டும், எந்தக் காலத்து ரிப்பேரிலோ அது காணாமல் போயிருந்தது. பெட்டி என்ஜினுக்குப் பக்கத்திலேயே வாயைத் திறந்துகொண்டு, அதன் அனலையே உறிஞ்சிக்கொண்டிருந்தது. துப்பாக்கியை வைத்தார். எண்ணைப் பார்த்து எங்களிடம் காட்டினார். தொட்டால் கையை எடுத்துவிடும் சூடு.

"பாவம், வெயில்ல ஓடி வந்தவனுக்கு வெந்நீர் குடுத்த மாதிரி" என்றார்.

அக்கா மெக்கானிக்குக்குப் போன் போட்டுக் கேட்டாள். "அது நெசம்தான். குளுந்த காத்து போனா கொஞ்சம் பவர் கூடும். ஆனா கொஞ்சம்தாம்மா. அதுக்காக மாடு குதிரை ஆயிடாது" என்றார் அவர். அத்தான் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க வேலை. அக்கா பக்கத்திலேயே நின்று கட்டளை போட்டாள். "முதல்ல உள்ள இருக்கிற மேட்டை எல்லாம் எடுத்து வெளிய போடுங்க. உங்க கால் அழுக்கு பூரா ஒட்டிக்கும்." அத்தான் ரப்பர் மேட்களைத் தாமே எடுத்துக் கொண்டுபோய்ச் சுவரோரமாகப் போட்டார். பிறகு தகட்டை வெட்டினார், மடித்தார். முன்பக்க விளக்குக்குப் பின்னாலிருந்து வடிகட்டிப் பெட்டி வரைக்கும், நெளிவு சுளிவோடு, ஒரு அழகான குழாய். சுற்றிலும் வெள்ளி ஷீட். சொன்னால் சொன்னதுதான், அவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை. தலைக்கு மேலே மறைந்தே கிடக்கும் அவர் கைத்திறமை முதல்முறையாகக் கண் மட்டத்துக்கு வந்தது.

மதியம், நல்ல உச்சி வெயிலில், கிடங்கு மேட்டுக்குப் போனோம். பாதியில் நிறுத்தினேன். கிளட்சை விட்டேன். வண்டி சீறிக்கொண்டு ஏறியது. இன்னொரு தடவை, அப்புறம் இன்னொரு தடவை, ஒரு இருமல்கூட இல்லை. குதிகால் சுட்டதைக்கூடப் பொருட்படுத்தாமல் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு கத்தினேன். அக்கா பின்சீட்டில் இருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்து, "ஏங்க, நிஜமாவே நீங்க செஞ்சதுதானா இது?" என்றாள். அத்தான் காரின் கூரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். அந்த வாரம் அவர் நடையே மாறிப்போயிருந்தது. அம்மாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "சூடு இல்லாதவருக்குச் சூடுதான் சோறு போடுது போல" என்றாள். மருமகனைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்ததில் அதுதான் பெரிய புகழ்ச்சி.

வெள்ளிக்கிழமை டெஸ்ட். கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று புதன்கிழமை மதியம் லீவு போட்டேன். அன்று காலையிலிருந்து அக்காவிடம் வரிசையாக ஆட்கள் பழகிவிட்டுப் போயிருந்தார்கள். வேலை சீக்கிரம் முடிந்ததால் அத்தானும் வந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டார். மேட்டில் பாதியில் நிறுத்தினேன். கிளட்சை விட்டேன்.

இருமியது. குலுங்கியது. அணைந்தது.

இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவதில் வண்டி பின்னால் உருண்டது, அக்கா தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து நிறுத்தினாள். அக்கா திட்டியிருந்தால்கூடத் தேவலை. இறங்கி மேட்டோரம் போய் நின்றுகொண்டு வேறு பக்கம் பார்த்தாள். வண்டியை விற்பது என்று முடிவு செய்துவிட்டாள் என்று அவள் முதுகே சொன்னது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையில் கிடைத்தது அத்தான்தான்.

"அந்தக் குழாயைப் பிடுங்கி எறிங்க முதல்ல! மெக்கானிக் சொன்னதுதான் சரி. குழாயாம், காத்தாம்! என் வேலை போச்சு!"

அவர் இறங்கிப்போய் பானட்டைத் திறந்தார். குழாயை அளந்தார், வடிகட்டிப் பெட்டியை அளந்தார், நிழலில் தரையை அளந்தார். பிறகு திரும்பி வந்து ஜன்னலோரம் நின்றார்.

"சின்னவளே, உள்ள போற காத்து நிழல்ல இருக்கிற காத்து மாதிரிதான் இருக்கு. சூடு இல்ல." கொஞ்ச நேரம் எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அப்போ காத்து காரணம் இல்ல."

அவர் வாழ்நாளில் சூட்டைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டது அதுதான் முதல் தடவை. முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது. அப்புறம், "நீ இறங்கு. இப்போ மிதிச்சியே, அதே மாதிரி கையால அழுத்திக் காட்டு" என்றார். டிரைவர் பக்கத்துக் கதவுப்படியில் முதுகை வைத்து, கால்களை வெளியே தொங்கவிட்டு, பெடல்களுக்கு அடியில் தலையை நுழைத்து மல்லாந்து படுத்தார். பொய்க்கூரைக்குள் படுப்பது அப்படித்தான் இருக்கும் போல. நான் குனிந்து கையை நீட்டி ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். பாதி வரை போய் நின்றது.

"இன்னும் அழுத்து."

"போக மாட்டேங்குது."

இரண்டு கால்கள் மட்டும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பிரச்சினை மேட்டுலதான்."

எனக்கு ரத்தம் கொதித்தது. "அதான் ஊருக்கே தெரியுமே! மேட்டுலதான் வண்டி ஏற மாட்டேங்குது, இதுக்குத்தான் உள்ள போய்ப் படுத்தீங்களா?"

"அந்த மேடு இல்ல," என்றார் அத்தான். "கால் மேட்."

அக்கா ஓடி வந்தாள். அத்தான் மெல்ல வெளியே வந்து, டிரைவர் பக்கத்து ரப்பர் மேட்டை உருவி எடுத்துப் புரட்டிக் காட்டினார். அடியில் வெள்ளி ஷீட். விரல் கனத்துக்கு, ஓரம் பிசிறில்லாமல் வெட்டி, சுத்தமாக ஒட்டியிருந்தது.

ரப்பர் மேட்டின் அடியில் தரையைப் பிடித்துக்கொள்ள முள் முள்ளாக இருக்கும். ஷீட் ஒட்டியதும் அந்தப் பிடி போய்விட்டது. வெள்ளித்தாளின் வழுவழுப்பில் மேட் ஒவ்வொருவர் குதிகால் தள்ளலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து, மதியத்துக்குள் பெடலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்ளும். மறுநாள் காலையில் அக்கா வண்டியைப் பெருக்கி மேட்டை இழுத்து நேராகப் போடுவாள். அதனால் காலையில் குதிரை, மதியம் கழுதை. சமதரையில் பாதி மிதியே போதும் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேட் சுவரோரம் கிடந்தது, வண்டி பறந்தது, பெயர் குழாய்க்குப் போனது.

அத்தான் நினைத்திருந்தால் அந்த ஷீட்டைச் சத்தமில்லாமல் கிழித்துவிட்டு, "குழாயைக் கொஞ்சம் சரி பண்ணிட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். நாங்கள் நம்பியிருப்போம். அவர் தலையைக் கீழே போட்டுக்கொண்டு நின்றார்.

"நான்தான் ஒட்டினேன்."

"எப்போ?" என்றாள் அக்கா.

"போன வெயில் காலத்துல. சின்னவ முதல் நாள் ஓட்டிட்டு வந்து, 'தரை அனலா கொதிக்குது, குதிகால் சுட்டுப்போச்சு'ன்னு சொன்னா. நீ வண்டில கை வெக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தே. அதான், நீ குளிக்கப் போனப்போ..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா எல்லோருக்கும் வெறுங்காலில்தான் கற்றுக்கொடுப்பாள், பெடல் காலோடு பேச வேண்டும் என்பாள். முதல் நாள் குதிகால் சிவந்து வீட்டுக்கு வந்து நான் புலம்பியது உண்மைதான். இரண்டாம் நாள் தரை சுடவில்லை. ஏன் சுடவில்லை என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை.

அக்கா ரொம்ப நேரம் அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடி விழப்போகிறது என்று நான் காத்திருந்தேன். அவள் அந்த வெள்ளி ஓரத்தை விரலால் தடவி, "வேலை மட்டும் சுத்தம்" என்றாள். அப்புறம் சிரிப்பை அடக்க முடியாமல் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். எந்த மேட்டில் என்று கேட்டால், சிமெண்ட் மேட்டில்.

இத்தோடு விட்டிருந்தால் அவர் அத்தான் இல்லை. வியாழக்கிழமை மதியம் எங்களை மறுபடி கிடங்குக்கு இழுத்துக்கொண்டு போனார். மேட் இல்லாமல், குழாயோடு சில தடவை, குழாயைக் கழற்றிச் சில தடவை. ஏறியதா, எப்படி ஏறியது என்று ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டார். ரொம்ப நேரம் வண்டியை நின்றபடி ஓடவிட்டு, பானட்டுக்குள் அனல் சேர்ந்த பிறகு கிளப்பினால், குழாய் இருக்கும்போது ஒரு சின்னச் சுறுசுறுப்பு தெரிந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது வித்தியாசமே தெரியவில்லை. ஏசியை அணைத்தபோது கிடைத்த பலம் குழாய் தந்ததைவிட அதிகம்.

"குழாயால வித்தியாசம் இருக்கா, இல்லையா? மனசுல பட்டதைச் சொல்லு" என்றார்.

"கொஞ்சம்" என்றேன்.

"கொஞ்சம்னா கொஞ்சம்தான்" என்று தலையாட்டினார். அந்தக் கொஞ்சத்தில் அவருக்குக் குறையே இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம். வெயில் மண்டையைப் பிளந்தது. வண்டியில் மேட் கிடையாது, வெறும் தரை. செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு ஏறினேன். அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்தார். அக்காவும் அத்தானும் தகரக் கொட்டகை நிழலில் நின்றார்கள். அத்தான் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்.

மைதானத்தைச் சுற்றி முடிப்பதற்குள் காரின் தரை கொதிக்க ஆரம்பித்துவிட்டது. வண்டிக்கு அடியில் போகும் புகைக்குழாயின் அனல் நேராகக் குதிகாலில் ஏறியது. மேட்டின் பாதியில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்தேன். அதிகாரி வேண்டுமென்றே தாமதித்தார். குதிகால் எரிந்தது. எடுக்க முடியாது, எடுத்தால் பெடல் தப்பும். ஒரு வருடமாக இந்தச் சூடு இங்கேதான் இருந்திருக்கிறது, என் கால் வரைக்கும் வராமல் ஒருவர் தடுத்து வைத்திருக்கிறார் என்பது மண்டையில் உறைத்தது அந்த இடத்தில்தான். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, சூட்டினால் மட்டும் இல்லை.

"போகலாம்" என்றார் அதிகாரி.

மிதித்தேன். பெடல் அடிவரை போனது. வண்டி ஏறியது.

கொட்டகைக்கு முன்னால் நிறுத்தி, அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதத்தை அக்காவிடம் நீட்டினேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு ஏதேதோ சொன்னாள். அத்தான் காகிதத்தைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கார்க் கதவோரம் வந்து நின்றார்.

"கால் சுட்டுச்சா?"

"இல்ல அத்தான். சுடவே இல்ல."

அவர் இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்து, நான் கால் வைத்திருந்த இடத்தில் சிவப்புப் புள்ளியை வைத்தார். எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போய், வெயிலில் கிடந்த என் செருப்பை எடுத்தார். அதையும் ஒருமுறை அளந்துவிட்டு, நிழலில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, என் காலடியில் கொண்டுவந்து போட்டார்.